விடுமுறை நாட்களை அறுபது நாளுக்கு முன்பே உறுதி செய்யுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், பள்ளிக் கல்வி, தொடக்கக் கல்வி, அரசுத் தேர்வுகள் ஆகிய இயக்ககங்களின் இயக்குநர்களுக்கும், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவன இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

கூடுதல் விடுமுறை கேட்டு இந்த மடலை எழுதவில்லை. நாட்காட்டியில் ஏற்கெனவே இருக்கும் விடுமுறையில் எந்த நாள் ஆசிரியருக்கு, எந்த நாள் துறைக்கு என்பதை 60 நாளுக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள். சொன்ன பிறகு மாற்றாதீர்கள். கோரிக்கை இவ்வளவுதான். இதற்கு ஏன் ஒரு மடல் தேவைப்படுகிறது என்பதைப் பள்ளிக்குள் இருந்து பார்ப்பவர்களாக விவரமாக எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. "வாத்தியாருக்கென்ன, வருஷத்தில் பாதி நாள் லீவு" என்ற பேச்சு டீக்கடையிலும் கேட்கிறது, அரசு அலுவலகங்களிலும் கேட்கிறது. சனி, ஞாயிறு விடுமுறை உள்ள ஓர் அலுவலகத்தில் 365 நாளில் வார விடுமுறை 104 போக 261 நாள் இருக்கும். வார நாட்களில் விழும் அரசு விடுமுறை ஏறத்தாழ 20 என்று கொண்டால் மிச்சம் 241. அங்கே ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு (பணிபுரிந்த காலத்துக்காகக் கணக்கில் சேரும் விடுப்பு). அதையும் எடுத்துக்கொண்டால் 211 நாள் வேலை. பள்ளிக்கு வருவோம். 2024-25 நாட்காட்டியில் முதலில் 220 வேலைநாள் என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு 210 ஆக்கினீர்கள். ஆசிரியர் விடுமுறையுள்ள துறையின் ஊழியர் என்பதால் ஈட்டிய விடுப்பு 17 நாள் மட்டும். 210-இல் 17 போனால் 193. தற்செயல் விடுப்பு இரு தரப்புக்கும் 12 தான். ஆக, ஊர் பேசும் பாதி ஆண்டு விடுமுறை 18 நாள் வித்தியாசத்தில் வந்து நிற்கிறது. அலுவலக ஊழியர் தன் 30 நாளைத் தனக்கு வேண்டிய மாதத்தில் எடுக்கலாம். ஆசிரியருக்கு மாதத்தையும் தேதியையும் துறையே தீர்மானிக்கிறது.

அந்த 18 நாள் எங்கே போகிறது என்று பார்த்தால் மே மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். மாணவர்களுக்கு ஏப்ரல் மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் தேர்வு முடிந்துவிடும். ஆசிரியருக்குக் கடைசி வேலைநாள் ஏப்ரல் 30. உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களில் பெரும்பாலோர் அந்த நாட்களில் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருப்பார்கள். ஒரு விடைத்தாளை உதவித் தேர்வாளர் திருத்துவார். கூர்ந்தாய்வாளர் விடுபட்ட பக்கம் உண்டா, கூட்டல் சரியா என்று பார்ப்பார். முதன்மைத் தேர்வாளர் சிலவற்றை மறுபடி திருத்திப் பார்ப்பார். மதிப்பெண் சரிபார்ப்பு அலுவலர் கடைசியாக ஒருமுறை கூட்டிப் பார்ப்பார். பிழை எங்கே வருகிறது என்பது முகாமில் இருந்த எவருக்கும் தெரியும். ஒரு கேள்வியின் விடையைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் தொடரும் மாணவரின் தாளில் வரும். உட்பிரிவு மதிப்பெண்ணை முகப்புத் தாளுக்கு மாற்றி எழுதும் இடத்தில் வரும். இரண்டும் பெரும்பாலும் பிற்பகலின் கடைசி ஒரு மணி நேரத்தில் நடப்பவை. மாணவர் விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டலில் அந்தப் பிழை வெளிப்பட்டால் திருத்தியவருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஏ), சில நேரம் அதைவிடக் கடுமையான 17(பி) குறிப்பாணை வரும். அவ்வளவு பொறுப்பான வேலை அது. அதை நாங்கள் குறைத்துக் கேட்கவில்லை.

பிரச்சினை முடியும் தேதியில் இருக்கிறது. தமிழ், ஆங்கிலத் தாள்களை எல்லா மாணவரும் எழுதுகிறார்கள். விடைத்தாள் மலைபோல் குவியும். விருப்பப் பாடங்கள் சில நாளில் முடிந்துவிட, மொழியாசிரியர்கள் கடைசிக் கட்டு தீரும்வரை இருக்க வேண்டும். சில தனியார் பள்ளிகள் தங்கள் ஆசிரியர்களை முகாமுக்கு விடுவிக்கத் தயங்கும்போது மீதமுள்ளவர்களின் தலையில் இன்னும் சில நாள் ஏறும். முகாமில் மொத்தம் எத்தனை கட்டு, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை தாள் என்பது மூன்றாம் நாளே முகாம் அலுவலருக்குத் தெரிந்துவிடும். வகுத்துப் பார்த்தால் முடியும் தேதி வந்துவிடும். அந்தத் தேதியைப் பாடவாரியாக முகாம் வாயிலில் எழுதி ஒட்டினாலே போதும். அது நடப்பதில்லை.

மே பிறந்ததும் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியருக்கு மாற்றுச் சான்றிதழ் காலம். ஈராசிரியர் பள்ளியில் எழுத்தர் கிடையாது. ஐந்தாம் வகுப்பு முடித்த குழந்தைக்கு டி.சி. கொடுப்பது ஒரு தாளில் கையெழுத்துப் போடும் வேலையென்று வெளியே நினைக்கிறார்கள். மாணவர் விவரங்களைத் துறை பதிந்து வைக்கும் இ.எம்.ஐ.எஸ். தளத்தில் குழந்தையின் பெயர், தலைப்பெழுத்து, பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சாதி, அங்க அடையாளம், சேர்க்கை எண், கடைசியாக வந்த நாள் ஆகிய எல்லாவற்றையும் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால், பதிவேட்டில் முன்னால், பிறப்புச் சான்றில் தலைப்பெழுத்தே இல்லை என்றால் இப்போதே சரிசெய்தாக வேண்டும். விட்டால் அது பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் வந்து நிற்கும். அப்போது திருத்துவதற்கு அலைச்சல் பத்து மடங்கு. சரிபார்த்தபின் சான்றிதழை உருவாக்கி, குழந்தையைப் பொதுத்தொகுப்புக்கு, அதாவது பள்ளி மாறும் குழந்தைகளைப் புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும் பட்டியலுக்கு, அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிப் படியை மறந்துவிட்டால் கையில் டி.சி. இருந்தும் புதிய பள்ளியால் அந்தக் குழந்தையைச் சேர்க்க முடியாது. தளத்தில் குழந்தை இன்னும் பழைய பள்ளியிலேயே இருக்கும். புதிய பள்ளியின் எண்ணிக்கையில் வராது. பாடநூல், சீருடைத் தேவைப் பட்டியலிலும் வராது. ஜூன் முதல் வாரத்தில் மாநிலம் முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவதால் தளம் நகராது. அதனால் பொறுப்புள்ள தலைமையாசிரியர்கள் மே மாதத்திலேயே, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து இதை முடிக்கிறார்கள். இந்த நாட்கள் எந்தப் பதிவேட்டிலும் வேலைநாளாக ஏறுவதில்லை.

அடுத்தது தேர்வு முடிவு வாரம். 2025-இல் பிளஸ் டூ முடிவு மே 8-ஆம் தேதியும், பத்தாம் வகுப்பு முடிவு மே 16-ஆம் தேதியும் வந்தன. முடிவு வந்த நொடியிலிருந்து வகுப்பாசிரியரின் அலைபேசி ஓயாது. தேறாதவர்களைக் கண்டுபிடித்துத் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வைக்க வேண்டும். ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ தேர்வு வந்துவிடும். இடையில் இருப்பது ஆறேழு வாரம். பையன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போயிருந்தால் அவன் அப்பாவிடம் பேசி வரவழைக்க வேண்டும். தேறியவர்களுக்குப் பொறியியல் பதிவு, கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பம், ஐ.டி.ஐ. என்று பல வாசல்கள். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பிளஸ் டூ வரை எங்கெங்கே படித்தார் என்று சான்று தர வேண்டும். நடுவில் ஓராண்டு பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவரும் விடுமுறையில் ஊருக்குப் போயிருப்பார்.

இந்த வேலையில் அதிகம் சறுக்கும் இடம் ஓ.டி.பி. விண்ணப்பத்தில் கொடுத்த எண் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும், அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண்ணாக இருக்கும். கலந்தாய்வின் விருப்பப் பட்டியலை உறுதிசெய்யும் கட்டத்தில் எண் இல்லையென்றால் இடமே கைவிட்டுப் போகும். முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று மூன்றையும் பிப்ரவரியிலேயே வாங்க வைத்த வகுப்புகளில் மே மாதம் அமைதியாகப் போகிறது. வாங்காத வகுப்புகளில் ஆசிரியர் இ-சேவை மையத்தில் நிற்கிறார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இந்தப் படிவங்களை வாசித்துச் சொல்ல வேறு ஆள் இல்லை. ஆகவே இந்த வேலையை விட்டுவிடச் சொன்னாலும் விட மாட்டோம். ஆனால் இது வேலை என்று துறை எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். முடிவு வெளியான நாளிலிருந்து ஐந்து வேலைநாள் மட்டும் பள்ளியில் உதவி மேசை என்று அறிவித்து, ஆசிரியர்கள் முறைவைத்து வந்தால், மற்ற நாட்களில் அலைபேசியை அணைத்து வைக்க முடியும்.

பயிற்சிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-இல் தொடங்கியபோது அதன் பயிற்சியில் சரக்கு இருந்தது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படிநிலைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படி நேரத்தைப் பிரிப்பது என்பதை நேரில் செய்து பார்க்காமல் கற்க முடியாது. நாங்கள் பயிற்சிக்கு எதிரிகள் அல்ல. ஆனால் பயிற்சி அடுக்கடுக்காக இறங்குகிறது. மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்கு, அவர்கள் மாவட்ட அளவில் அடுத்தவர்களுக்கு, அவர்கள் வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்கு. கருத்தாளர்களும் ஆசிரியர்களே. ஆகவே ஒரு கருத்தாளர் கற்க ஒரு சுற்று, கற்பிக்க ஒன்றிரண்டு சுற்று என்று விடுமுறையை இழக்கிறார். மூன்றாம் அடுக்குக்கு வரும்போது செயல்பாடு கழன்றுபோய்க் காட்சிப்படம் மட்டும் மிஞ்சும். மாநிலத்தில் செய்து காட்டிய கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள், வட்டாரக் கூடத்தில் நூறு பேர். நூறு பேருக்குக் குழுச் செயல்பாடு நடத்த இடமும் இல்லை, துணைக்கருவியும் இல்லை. மே மாத வெயிலில் மின்விசிறி போதாத கூடத்தில் பிற்பகல் அமர்வில் யார் தலையிலும் எதுவும் ஏறாது.

உத்தரவு வரும் விதம் இன்னொரு சிக்கல். பயிற்சி நாளை மறுநாள் என்று வாட்ஸ்அப் குழுவில் மாலையில் செய்தி வரும். பெயர்ப்பட்டியல் இரவு வரும். தேதி மாறியது மறுநாள் காலையில் வரும். இப்படி நடப்பதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. நிதி விடுவிப்பும், கையேடு அச்சாகி வருவதும், கூடம் கிடைப்பதும் தனித்தனியாக நகர்கின்றன. கடைசியாக வந்து சேர்வது எதுவோ அதுதான் தேதியைத் தீர்மானிக்கிறது. கையேடும் கூடமும் கைக்கு வந்த பிறகே தேதி அறிவிப்பது என்று ஒரு விதியை வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். பயிற்சிக்கு உகந்த நாட்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. தேர்வு முடிந்து மாணவர் வராத ஏப்ரல் கடைசி வாரம் ஒன்று. முகாமுக்குப் போகாத தொடக்க, நடுநிலை ஆசிரியர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மற்றவர்களுக்கு ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு, மூன்று நாள். கற்றதை மறக்கும் முன் வகுப்பில் செய்து பார்க்கவும் அது வசதி.

காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் குறுகியவை. 2025-இல் காலாண்டு விடுமுறை செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை, அரையாண்டு டிசம்பர் 24 முதல் ஜனவரி 4 வரை. ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியரிடம் பிரிவுக்கு 40 வீதம் 200 விடைத்தாள் இருக்கும். தாளுக்கு 8 நிமிடம் என்றால் 1,600 நிமிடம், அதாவது கிட்டத்தட்ட 27 மணி நேரம். விடுமுறையில் நான்கு முழு நாள் இதற்கே போகும். பள்ளி திறந்ததும் மதிப்பெண் பதிவேற்றம். நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தால் ஏழு நாள் சிறப்பு முகாமும் இதே விடுமுறையில்தான் வரும். மாணவர்களோடு கிராமத்தில் தங்கி, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் பாம்பு பூச்சிக்கும் அவரே பொறுப்பு. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆசிரியர்களுக்குச் சிறப்பு வகுப்பு. விடுமுறையில் சிறப்பு வகுப்பு கூடாது என்று மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும், தேர்ச்சி விழுக்காடு ஏன் குறைந்தது என்று அதே மேலிருந்து விளக்கமும் கேட்கப்படும். பள்ளிகள் இரண்டாவதற்குத்தான் பயப்படுகின்றன. துறை எதை உண்மையில் விரும்புகிறது என்பதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கருத்தைக் கேட்டால், அரையாண்டு விடுமுறைச் சிறப்பு வகுப்பால் தேறுகிற பையன்கள் உண்டு, ஆனால் அவர்கள் வகுப்புக்கு ஐந்தாறு பேர்தான். அவர்களுக்காக முழு வகுப்பையும் வரவழைப்பது வீண்.

மழை விடுமுறைக்கும், வெயிலால் பள்ளி திறப்பு தள்ளிப்போன நாட்களுக்கும் சனிக்கிழமைகளில் ஈடுசெய்கிறோம். 2023-இல் ஜூன் 1 என்றிருந்தது ஜூன் 7 ஆகி, பிறகு ஆறு முதல் பிளஸ் டூ வரை ஜூன் 12, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024-இல் ஜூன் 6 என்பது ஜூன் 10 ஆனது. குழந்தைகளின் உடல்நலத்துக்காகச் செய்தது, சரியான முடிவு. அதை இந்தக் கோரிக்கையில் நாங்கள் சேர்க்கவில்லை.

தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே ஆசிரியரைக் கல்வி சாராப் பணிக்கு அனுப்பலாம் என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த மூன்றையும் நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி வாக்குப்பதிவு நாளோடு முடிவதில்லை. வாக்காளர் பட்டியல் திருத்தக் காலத்துச் சனி, ஞாயிறு முகாம்கள் அதில் அடக்கம். 2025 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்து, திரும்ப வாங்கி, செயலியில் ஏற்றியவர்களில் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும் கணிசமானோர். பகலில் பள்ளி, மாலையிலும் வார இறுதியிலும் வீடுகள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீட்டுப்பட்டியல் கட்டம் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் 30 நாள் என்றும், ஆட்களை எண்ணும் கட்டம் 2027 பிப்ரவரியில் என்றும் வகுக்கப்பட்டிருக்கிறது. பிப்ரவரிதான் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நடக்கும் மாதம். இயற்பியல், வேதியியல், உயிரியல் முதுகலை ஆசிரியர்களை அந்தக் கட்டத்திலிருந்து முழுதாக விலக்கிவைக்க மாவட்ட ஆட்சியர்களோடு இப்போதே பேசுங்கள். பட்டியல் தயாரான பிறகு பெயர் நீக்கக் கேட்டு வரிசையில் நின்றால் நீக்குவதற்கு மனு, அதற்கு மருத்துவச் சான்று என்று போய்விடும்.

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு விடுமுறைக்குப் புதிதாக ஒரு சுமை வந்திருக்கிறது. ஆசிரியர் தகுதித் தேர்வில் இன்னும் தேறாத, எட்டாம் வகுப்பு வரை எடுக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் அதில் தேற வேண்டும். 150 கேள்வி, மூன்று மணி நேரம். இரண்டாம் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, பாடப் பகுதி 60. இருபது ஆண்டாகச் சமூக அறிவியல் மட்டும் எடுத்தவருக்குப் பாடப் பகுதி எளிது, உளவியலும் ஆங்கில இலக்கணமும் தடை. இதற்குத் தொடர்ச்சியான படிப்பு தேவை. தினம் இரண்டு மணி நேரம் என்று மூன்று வாரம் இடையறாமல் கிடைத்தால்தான் ஒரு பகுதியை முடிக்க முடியும். துண்டு துண்டாகக் கிடைக்கும் நாட்களில் நேற்றுப் படித்ததைத் திரும்பப் பார்ப்பதிலேயே இன்றைய நேரம் போய்விடுகிறது. இந்த வயதில் வேலையே போய்விடுமோ என்ற அச்சத்தோடு படிக்கிறவர்களுக்கு 2027 வரையிலான விடுமுறைகளையாவது குலைக்காமல் கொடுங்கள்.

இடையூறில்லாத நாட்கள் கிடைத்தால் ஆசிரியர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு ஒரு வேதியியல் ஆய்வகத்தைக் காட்டினால் போதும். மாணவர்கள் இருக்கும்போது ஆய்வகத்தைக் காலிசெய்து சரிபார்க்க முடியாது. மே மாதம் ஒரு பகல் உட்கார்ந்தால் இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குப்பியாகப் பார்க்கலாம். ஃபெரஸ் சல்பேட் கரைசல் காற்றுப்பட்டு மஞ்சளாகியிருந்தால் கொட்டிவிட்டுப் பள்ளி திறந்தபின் புதிதாகத்தான் கரைக்க வேண்டும். பழையதை வைத்துப் பெர்மாங்கனேட்டோடு தரம் பார்த்தால் மாணவருக்குக் கணக்கு வராது, தன் கைதான் தவறு என்று அவன் நினைப்பான். வெள்ளி நைட்ரேட் பழுப்புக் குப்பியில், வெளிச்சம் படாத அலமாரியில் இருக்கிறதா? அம்மோனியாவின் மூடி தளர்ந்திருந்தால் பாதிக்கு மேல் வீரியம் போயிருக்கும். சோடியத்தின் மேல் மண்ணெண்ணெய் மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்ற வேண்டும், இது ஆபத்தானது. பியூரெட்டின் கண்ணாடித் திருகைக் கழற்றித் துடைத்து வைக்காவிட்டால் ஜூனில் ஒட்டிக்கொண்டு திரும்பாது, முறுக்கினால் உடையும். இவை முடிந்தால்தான் தேவைப்பட்டியல் சரியாக எழுத முடியும். ஆகஸ்டில் முதல் செய்முறை வகுப்பு நடக்கிறதா, கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சமாளிப்பா என்பது அந்த ஒரு பகலில் தீர்மானமாகிவிடுகிறது.

பாடத்திட்டத் தயாரிப்பும் அப்படியே. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை வாரத்துக்கு 45 மணி நேரப் பணியைச் சொல்லும்போது கற்பிப்பதற்கான தயாரிப்பு நேரத்தையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. நடைமுறைக் கால அட்டவணையில் தயாரிப்புக்கு இடம் இருப்பதில்லை, இருக்கும் ஓய்வுப் பாடவேளையும் வராத ஆசிரியரின் வகுப்புக்குப் போய்விடுகிறது. ஆகவே ஆண்டின் தயாரிப்பு முழுக்க விடுமுறையில்தான் நடக்கிறது.

உடலையும் மறக்க வேண்டாம். நாளெல்லாம் சத்தமாகப் பேசும் வேலையில் குரல்நாணில் தடிப்பு வருவது சகஜம். மருத்துவர் முதலில் எழுதித் தருவது பேசாமல் இருக்கச் சொல்லித்தான். கண்புரை, கர்ப்பப்பை, மூட்டு அறுவைச் சிகிச்சைகளை ஆசிரியர்கள் மே மாதத்துக்குத் தள்ளி வைப்பது மாணவர் படிப்புக் கெடக்கூடாது என்பதற்காக. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கியபின் பயிற்சி உத்தரவு வந்தால், விலக்குக் கேட்டு மருத்துவமனைச் சீட்டோடு அலுவலகத்துக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15-க்குள் சிகிச்சைத் தேதியைத் தலைமையாசிரியர் வழியாகப் பதிவு செய்தால் அந்த நாட்களுக்கு எந்தப் பணியும் ஒதுக்கப்படாது என்று ஓர் உத்தரவு போதும்.

60 நாள் என்ற எண்ணை நாங்கள் எங்கிருந்து எடுத்தோம் என்று கேட்கலாம். தென் மாவட்டங்களைச் சேர்ந்த ஆசிரியர்கள் ஏராளமானோர் திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, விழுப்புரம் மாவட்டங்களில் பணிபுரிகிறார்கள். பெற்றோரும் சில வீடுகளில் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. விழுப்புரத்தில் பொதிகை விரைவு ரயில் ஏறித் தென்காசியில் இறங்க வேண்டுமானால் முன்பதிவு திறந்த அன்றே சீட்டுப் போட வேண்டும். கடைசி வேலைநாளும் முகாம் முடியும் நாளும் பயிற்சி நாளும் அன்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போட்ட சீட்டை ரத்து செய்து, ஆம்னி பேருந்தில் விடுமுறைக் காலக் கட்டணம் கொடுத்துப் போகிறார்கள். வைகாசி முகூர்த்தத்தில் தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள் போய் நிற்கும் அண்ணன்களும் உண்டு.

விடுமுறையில் அழைத்த நாளுக்கு ஈடு தருவது விதியிலேயே இருக்கிறது. விடுமுறையை அனுபவிக்க விடாமல் பணிக்கு அழைத்தால் அந்த அளவுக்கு ஈட்டிய விடுப்பு சேர வேண்டும். சேராமல் போவது நடைமுறையில். முகாமிலோ பயிற்சியிலோ வருகைச் சான்று வாங்க வேண்டும். அதில் தேதிகள் தனித்தனியாக இல்லாமல் "கலந்துகொண்டார்" என்று மட்டும் இருந்தால் தணிக்கையில் நிற்காது. முத்திரை இல்லாவிட்டாலும் நிற்காது. அதைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, அவர் பணிப்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஜூனில் அவர் மாறுதலில் போய்விட்டால் புதியவர், தன் காலத்தில் நடக்காததற்குக் கையெழுத்திடத் தயங்குவார். விடுப்பைச் சரண் செய்து 15 நாள் வரை பணமாக்கும் வசதி 2020-இல் நிறுத்தப்பட்டு, 2025 அக்டோபர் முதல் திரும்ப வந்திருக்கிறது. ஆகவே ஏறாமல் போகும் ஒவ்வொரு நாளும் பண இழப்பும்கூட. விடுப்பு விண்ணப்பமே அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலிக்கு வந்துவிட்ட காலத்தில் காகிதச் சான்று எதற்கு? பயிற்சிக் கூடத்தில் பதிவாகும் வருகை அன்று மாலையே களஞ்சியத்தில் விடுப்புக் கணக்கில் சேரும்படி இரண்டு தளங்களையும் இணையுங்கள்.

பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை இங்கே சொல்லாமல் விட முடியாது. 2012 முதல் பணிபுரியும் ஓவிய, உடற்கல்வி, கணினி, தையல் ஆசிரியர்கள் மே மாத ஊதியமே இல்லாமல் ஆண்டுகளைத் தள்ளியவர்கள். அவர்களுக்கு மே மாதம் என்பது கல்யாண மண்டபத்தில் பரிமாறுவது, துணிக்கடையில் நிற்பது, வண்டி ஓட்டுவது. முழு மாத ஊதியம் அவர்களுக்கு உரியது.

இனி நாட்காட்டியில் நாங்கள் கேட்பது. மே மாதத்தில் தொடர்ச்சியாக 21 நாளை மூடிய நாட்கள் என்று குறியுங்கள். அந்த நாட்களில் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் மூன்று பணிகளைத் தவிரப் பயிற்சி, கூட்டம், இ.எம்.ஐ.எஸ். புதிய பதிவு எதுவும் இல்லை. மே 5 முதல் 25 வரை என்று வைத்துக்கொண்டால் முகாமின் வால்பகுதி முன்னாலும், திறப்புக்கான தயாரிப்பு பின்னாலும் வந்துவிடும். தண்ணீர்த் தொட்டி கழுவுவது, மின் இணைப்பைப் பார்ப்பது, புதர் வெட்டுவது, பாடநூல் எடுத்து வருவது எல்லாம் மே 26-க்குப் பிறகு. தேர்வு முடிவு மூடிய நாட்களுக்குள் வருவதால், உதவி மேசைக்கான ஐந்து நாளுக்கு மட்டும் முறைவைத்து வருபவர்களுக்கு ஈட்டிய விடுப்பு. காலாண்டிலும் அரையாண்டிலும் தலா ஐந்து மூடிய நாள். திறந்த நாட்களில் அழைப்பதற்கு 60 நாள் முன்னறிவிப்பு. அவசரம் என்றால் இயக்குநர் கையெழுத்திட்ட உத்தரவு வேண்டும், வாட்ஸ்அப் செய்தி போதாது. டி.சி. வேலைக்கு ஏப்ரல் 20 முதலே தளத்தைத் திறந்து, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் டி.சி. உருவானதும் தானாகவே பொதுத்தொகுப்புக்குப் போகும்படி அமைத்துவிட்டால் மே மாத இரவுகள் மிஞ்சும்.

இவற்றில் புதிதாகப் பணம் தேவைப்படுவது பகுதிநேர ஆசிரியர்களின் மே ஊதியமும், இரண்டு தளங்களை இணைக்கும் மென்பொருள் வேலையும்தான். மற்றவை தேதி குறிப்பது. அடுத்த கல்வியாண்டின் நாட்காட்டி தயாராகும்போது ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர், ஒரு பட்டதாரி ஆசிரியர், ஒரு முதுகலை ஆசிரியர், ஒரு ஆசிரியர் பயிற்றுநர் என நான்கு பேரை ஒரு நாள் அழைத்து உட்கார வையுங்கள். எந்த வாரத்தில் எந்த வேலை மோதும் என்பதை அவர்களால் அங்கேயே சொல்லிவிட முடியும். அந்த ஒரு நாளுக்கு ஈட்டிய விடுப்பு கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்கள் சிலர்